கட்டிலில் சிறுநீர், சோபாவில் நகம்: பூனை வளர்ப்போர் கேள்வி-பதில்

கேள்வி: 4 வாரக் குட்டியாகத் தெருவில் கிடைத்தது, இப்போது 3 மாதம். யார் நடந்தாலும் காலில் பாய்ந்து கவ்வுகிறது. கையைக் கொடுத்தால் முன்னங்கால்களால் கட்டிக்கொண்டு பின்னங்கால்களால் உதைத்துப் பிறாண்டுகிறது. வளர்ந்தால் மூர்க்கப் பூனையாகிவிடுமா? (கோவை)

பதில்: கட்டிப்பிடித்துப் பின்னங்காலால் உதைப்பது, பூனை இரையை மடக்கும் முறை. அதில் கோபம் கிடையாது. கோபமுள்ள பூனை காதைத் தலையோடு ஒட்ட மடித்து, மயிரைச் சிலிர்த்து, சீறும், உறுமும். விளையாடும் குட்டி சத்தமே போடாது. பதுங்கும், பின்பக்கத்தை இரண்டு முறை அசைத்துக்கொள்ளும், பாயும். 7, 8 வாரத்திலிருந்து இந்த வேட்டை விளையாட்டு சூடு பிடித்து அடுத்த சில மாதங்கள் உச்சத்தில் இருக்கும். அசைவது எதுவாக இருந்தாலும் அதற்கு இரைதான். வீட்டில் அசையும் பொருள்களில் பூனையின் கண்மட்டத்தில் இருப்பவை மனிதக் கணுக்கால்கள்.

கடியின் அழுத்தம் மட்டும் கவனிக்க வேண்டியது. உடன்பிறந்த குட்டிகளோடு புரளும்போது ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகிவிடும்; அல்லது திருப்பிக் கடிக்கும். தாயும் காலால் ஒரு தட்டு தட்டும். எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவு குட்டிக்கு இப்படித்தான் பிடிபடுகிறது. 4 வாரத்தில் தனியான குட்டிக்கு இந்தப் பள்ளிக்கூடமே வாய்க்கவில்லை. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ 5,700 வீட்டுப் பூனைகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டியது. 8 வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவற்றில் மூர்க்கம் கூடுதலாகவும், 14 வாரத்துக்கு மேல் தாயோடு இருந்தவற்றில் குறைவாகவும் தெரியவந்தது. குட்டி எடுக்க எண்ணுபவர்கள் 12 வாரமாவது பொறுப்பது நல்லது. தெருவில் அநாதையாகக் கிடைத்த குட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. வீட்டார்தான் அந்தப் பாடத்தை நடத்த வேண்டும்.

பாடம் எளியது. கை எப்போதும் விளையாட்டுப் பொருள் ஆகக் கூடாது. குட்டி சின்னதாக இருக்கும்போது விரலை ஆட்டிக் கடிக்கவிட்டு ரசிக்கும் வீடுகளில்தான் 6 மாதத்துக்குப் பிறகு கைமுழுதும் கீறல். ஒரு குச்சியில் ஒரு முழக் கயிறு, முனையில் கோழி இறகோ துணி முடிச்சோ கட்டினால் போதும். அதைப் பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டுவதில் பயனில்லை. எலி ஓடுவதுபோல் சுவரோரமாக இழுத்து, கதவுக்குப் பின்னால் மறைத்து, ஒரு கணம் நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, 10 நிமிடம். கடைசியில் இறகு பூனையிடம் பிடிபட வேண்டும், பிடிபட்டதும் சாப்பாடு. லேசர் விளக்கின் சிவப்புப் புள்ளி ஒருபோதும் பிடிபடாது என்பதால், அதை மட்டுமே துரத்தும் பூனைகளில் சில பித்துப் பிடித்ததுபோல் சுவரை வெறிப்பதுண்டு.

கடித்தவுடன் கையை வெடுக்கென்று இழுத்தால் அது தப்பி ஓடும் இரையாகிவிடும், பிடி இறுகும். கையைத் தளர்த்தி அசையாமல் வைத்து, பிடி விட்டதும் எழுந்து போய்விட வேண்டும். அடிக்கக் கூடாது. அடி வாங்கிய பூனை, கடிக்கக் கூடாது என்று கற்பதில்லை. அந்தக் கையைக் கண்டால் பயப்பட வேண்டும் என்றுதான் கற்கிறது. இயன்றால் ஒத்த வயதுக் குட்டி இன்னொன்றைச் சேர்த்து வளர்ப்பது பாதி வேலையைக் குறைக்கும்.

கேள்வி: கருத்தடை செய்த 3 வயது ஆண் பூனை. லிட்டர் (கழிப்பிட மணல்) பெட்டியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு மாதமாகக் கட்டிலிலும் மிதியடியிலும் சிறுநீர் கழிக்கிறது. வேண்டுமென்றே செய்கிறதா? (சென்னை, தாம்பரம்)

பதில்: பழிவாங்கும் கணக்கு பூனையிடம் இல்லை. பழகிய இடத்தை விட்டுப் பூனை மாறுகிறது என்றால் முதல் சந்தேகம் உடம்பின்மேல் விழ வேண்டும். சிறுநீர்ப்பை அழற்சி, சிறுநீரில் படிகக் கற்கள், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, மூட்டுவலி எல்லாமே இப்படித்தான் தலைகாட்டும். சிறுநீர் கழிக்கும்போது வலித்தால், வலியைத் தந்தது அந்தப் பெட்டிதான் என்று பூனை முடிவு கட்டி, மெத்தென்ற வேறிடம் தேடும்.

ஆண் பூனையில் இது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகலாம். அதன் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அடிக்கடி பெட்டிக்குப் போய் முக்குவது, சொட்டுச் சொட்டாக வருவது அல்லது ஒன்றுமே வராதது, குறியை விடாமல் நக்குவது, கத்துவது, வாந்தி ஆகியவை அடைப்பின் அறிகுறிகள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. முழு அடைப்பு ஏற்பட்ட பூனை ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும். அந்த அறிகுறி தெரிந்தால் இரவானாலும் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

பரிசோதனையில் கிருமியும் இல்லை, கல்லும் இல்லை, ஆனாலும் சிறுநீர்ப்பை புண்பட்டிருக்கிறது என்று தெரியவரும் பூனைகள் நிறைய. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் இந்த நோயை ஆராய்ந்தார். மன அழுத்தம் இதைத் தூண்டுகிறது; ஒளிய இடம், உயரமான இருக்கை, விளையாட்டு, மாறாத வேளைகள் எனப் பூனையின் சூழலைச் சீராக்கினால் தொல்லை குறைகிறது என்பதை அவருடைய குழுவின் ஆய்வுகள் காட்டின. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து தங்கியது, வெள்ளையடித்தது, குழந்தை பிறந்தது, ஜன்னலுக்கு வெளியே தெருப் பூனை வந்து உட்காரத் தொடங்கியது போன்ற ஏதாவது அந்த ஒரு மாதத்துக்குள் நடந்ததா என்று யோசித்துப் பார்ப்பது மருந்துக்கு நிகரான வேலை.

உடம்பு சரி என்றால் அடுத்து பெட்டி. வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசிய, வட ஆப்பிரிக்க வறண்ட நிலங்களின் காட்டுப் பூனை. இளகிய மண்ணைத் தோண்டிக் கழித்து மூடிவிடுவது அதன் குணம். அது பிறவியிலேயே வருவதால்தான் குட்டிக்குக் கழிப்பிடம் பழக்குவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை வளர்ந்த பூனைக்குச் சிறியவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை உள்ள நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் பேசின், ஒரு பக்கம் விளிம்பைத் தாழ்வாக வெட்டி வைத்தால், விலையுயர்ந்த மூடிப் பெட்டியைவிட நன்றாக உழைக்கும். மூடி போட்ட பெட்டி மனித மூக்குக்குச் சௌகரியம். நாற்றம் முழுதும் உள்ளே பூனைக்கு.

வாசனை கலந்த லிட்டரைப் பல பூனைகள் வெறுக்கின்றன. ஈரம் பட்டால் கட்டியாகும் நைசான களிமண் லிட்டர் பெரும்பாலானவற்றுக்குப் பிடிக்கும். கழுவி வெயிலில் காயவைத்த மணலும் ஆகும், அள்ளிக் கொட்டுவதில் சோம்பல் இல்லாவிட்டால். திடீரென மாற்றுவதுதான் தப்பு. பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். நாளுக்கு இரு முறை அள்ள வேண்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக, தனித்தனி இடங்களில் வைக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு பெட்டிகள் பூனையின் கணக்கில் ஒன்றுதான். வாஷிங் மெஷின் அருகில் வைத்தால், பூனை உட்கார்ந்த நேரம் பார்த்து அது உதறத் தொடங்கும். அப்புறம் அந்தப் பக்கமே போகாது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் ஆகாது.

பெட்டி பிடிக்கவில்லை என்பதைப் பூனை முன்கூட்டியே சொல்லிவிடும். மண்ணில் கால் படாமல் விளிம்பில் நாலு காலையும் வைத்து நிற்கும். கழித்த பிறகு மண்ணைத் தள்ளாமல் பக்கத்துச் சுவரையோ தரையையோ பிறாண்டும். வெளியே வந்ததும் ஈரத்தை உதறுவதுபோல் காலை உதறிக்கொண்டு ஓடும். இவற்றைப் பார்த்த வாரத்திலேயே லிட்டரை மாற்றிவிட்டால் கட்டில் தப்பிக்கும்.

கழித்த இடத்தைச் சுத்தம் செய்வதில்தான் நம் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. பினாயிலை ஊற்றித் துடைப்பார்கள். பீனால் வகை வேதிப்பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. காலில் பட்டதை நக்கியே நஞ்சு ஏறும். அம்மோனியா கலந்த திரவங்களோ சிறுநீர் வாடையையே நினைவூட்டி மறுபடி அதே இடத்துக்கு அழைக்கும். மூலையில் அந்துருண்டை போடுவதும் நஞ்சு வைப்பதற்குச் சமம். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, வெந்நீரும் சாதாரண சோப்பும் போட்டுக் கழுவி, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவத்தை ஊறவிட்டு உலர்த்த வேண்டும். அதே இடத்தில் சில வாரங்கள் சாப்பாட்டுத் தட்டை வைத்தால், உண்ணும் இடத்தில் கழிக்கப் பூனை தயங்கும். மூக்கைச் சிறுநீரில் தேய்க்கும் பழைய தண்டனை, ஆள் பார்க்காத நேரத்தில் கழிக்க மட்டுமே கற்றுக்கொடுக்கும்.

கேள்வி: 8 மாதக் கடுவன் சுவரிலும் பீரோவிலும் பீச்சி அடிக்கிறது. அதனுடன் பிறந்த பெட்டையோ இரவெல்லாம் வயிற்றுவலி வந்ததுபோல் புரண்டு கத்துகிறது. (திருச்சி)

பதில்: இரண்டும் ஒரே சமாச்சாரம்: பருவம் வந்துவிட்டது. பீச்சுவது சிறுநீர் கழிப்பதல்ல, எல்லை குறிப்பது. கழிக்கும் பூனை குந்தி உட்கார்ந்து தட்டையான பரப்பில் நிறைய விடும். குறிக்கும் பூனை நின்றபடி பின்புறத்தைச் சுவருக்குக் காட்டி, வாலை நிமிர்த்தி நடுக்கி, கொஞ்சமாகப் பீச்சும். பெட்டை புரள்வது வலியால் அல்ல. முதுகைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஒதுக்கிக் கத்துவது துணைக்கு விடும் அழைப்பு. சில பெட்டைகள் 4 மாதத்திலேயே இந்த நிலைக்கு வந்துவிடும். இணை சேராவிட்டால் 2, 3 வாரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். குளிர் நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் இது ஓயும். பகல் நீளம் பெரிதாக மாறாத நம் பக்கத்தில் அந்த ஓய்வும் இல்லை. கருக்காலம் ஒன்பது வாரம்தான். உடன்பிறந்தவை என்பதால் ஒன்றும் நடக்காது என்று நம்பியிருக்கவும் வேண்டாம்.

தீர்வு கருத்தடை அறுவை. 4 முதல் 6 மாதத்துக்குள் செய்வது உத்தமம். வளர்ந்த கடுவன்களில் சுமார் 90 சதவீதத்தில் விதை நீக்கிய பிறகு பீச்சுவது நின்றோ வெகுவாகக் குறைந்தோ போகிறது. பல நாள் பழகிவிட்ட மீதிப் பூனைகளுக்குக் காரணம் பெரும்பாலும் ஜன்னல் வழியே தெரியும் வெளிப்பூனை. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டி மறைப்பதே பல வீடுகளில் போதுமானதாக இருக்கிறது. ஒருமுறை குட்டி போட்ட பிறகுதான் பெட்டைக்கு அறுவை செய்ய வேண்டும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. அரசு கால்நடை மருத்துவமனைகளிலும், சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும் விசாரிக்கலாம்.

கேள்வி: சோபாவைப் பிறாண்டியே நாராக்கிவிட்டது. நகத்தை எடுத்துவிடலாமா? (ஈரோடு)

பதில்: கூடாது. நகத்தை மட்டும் எடுக்க முடியாது; விரலின் கடைசி எலும்போடு சேர்த்து வெட்டியாக வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இதற்கு அனுமதி இல்லை. அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக நியூயார்க் 2019-இல் தடை செய்தது. வெட்டப்பட்ட பூனை பெட்டி மண்ணில் கால் வைக்க வலிப்பதால் வெளியே கழிக்கும், நகம் இல்லாததால் பல்லை நாடும். ஒரு தொல்லைக்கு இரண்டு.

பிறாண்டுவதை நிறுத்தவும் முடியாது. நகத்தின் பழைய மேலுறை கழல்வதும், தூங்கி எழுந்து முதுகை நீட்டுவதும், பாதச் சுரப்பிகளின் வாசனையை விட்டு இடத்துக்கு முத்திரை குத்துவதும் அதில்தான் நடக்கின்றன. செய்யக்கூடியது இடத்தை மாற்றுவது. முக்கால் மீட்டருக்குக் குறையாத உயரத்தில், சாய்ந்து இழுத்தாலும் ஆடாத கட்டை ஒன்றில் தென்னை நார்க் கயிற்றையோ சாக்கையோ இறுகச் சுற்ற வேண்டும். ஆடும் கட்டையைப் பூனை இரண்டாம் முறை தொடாது. அந்தக் கட்டையை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைப்பதில் அர்த்தமில்லை. பிறாண்டிய சோபாவுக்குப் பக்கத்திலேயே, பூனை தூங்கி எழும் இடத்தருகே நிறுத்த வேண்டும். சோபா மூலையில் கொஞ்ச நாள் இருபுறம் ஒட்டும் டேப். பூனைவணங்கி என்றும் பெயர் கொண்ட குப்பைமேனியின் வேரைப் புதிதாகப் பறித்துக் கழுவிக் கயிற்றில் தேய்த்துவிட்டால் பல பூனைகள் மயங்கிப்போய் அதிலேயே உரசிப் புரளும். மேலைநாட்டார் கேட்னிப் செடியால் சாதிக்கும் வேலை இது. தேய்த்துவிட்டு வேரை எடுத்துப்போட்டுவிட வேண்டும், தின்னக் கொடுக்க வேண்டியதில்லை. கட்டையில் நகம் வைத்த அந்த நொடியில் ஒரு துண்டு மீன். 2, 3 வாரத்துக்கு ஒரு முறை நகநுனியை மட்டும், உள்ளே தெரியும் இளஞ்சிவப்பு ரத்தக்குழாயைத் தொடாமல் வெட்டிவிடலாம்.

கேள்வி: மூன்று வேளையும் வயிறு நிறையத் தயிர்ச்சோறு போட்டும் சமையலறையில் மீனையும் முட்டையையும் திருடுகிறது. திருட்டுப் புத்தியை மாற்ற வழி உண்டா? (தஞ்சாவூர்)

பதில்: புத்தியில் குறையில்லை, தட்டில்தான் குறை. பூனை முழு ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதிய அளவு தயாரிப்பதில்லை. அது இறைச்சி, மீன் போன்ற விலங்குணவில் மட்டுமே கிடைக்கும். டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத் தசை தளர்ந்து வீங்குவதற்கும் அதுவே காரணமாகிறது என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோனும் உடனிருந்தவர்களும் 1987-இல் நிறுவினார்கள். வயிறு நிறைந்திருந்தும் உடம்பு பட்டினி கிடக்கும் பூனை, மீன் வாடைக்கு ஓடாமல் என்ன செய்யும்? பாலைத் தேடுவது இனிப்புக்காக அல்ல. இனிப்பை உணரும் நாக்கே பூனைக்கு இல்லை. அதை இழுப்பது கொழுப்பு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றோட்டமும் வரும்.

சமச்சீரான பூனை உணவு, அல்லது வேகவைத்த முள் நீக்கிய மீன், கோழி, சிறிது ஈரல் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் சேர்மானங்களோடு கொடுக்க வேண்டும். சைவ வீடுகளில் பூனை வளர்ப்போருக்கு இது தர்மசங்கடம்தான். பொட்டலத்தில் வரும் உலர் உணவு அங்கே ஒரு சமரசம். வேளைகளைப் பிரிப்பதும் உதவும். எலி, பல்லி, பூச்சி என்று நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு சின்ன வேட்டைகளில் வயிறு நிரப்பும் பிராணிக்கு மூன்று வேளைச் சாப்பாடு மனிதர்களின் கால அட்டவணை. எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவுக்கு மாறிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் 5, 10 நிமிட விளையாட்டே 25 சதவீதம் குறைத்தது. அடுப்பு மேடையில் எதையும் திறந்து வைக்காதிருப்பது மீதி வேலை. ஒருமுறை கருவாடு கிடைத்த மேடைக்குப் பூனை ஒரு மாதம் தவறாமல் வரும்.

கேள்வி: விடியற்காலை 4 மணிக்கு முகத்தில் தட்டி எழுப்புகிறது. (பெங்களூரு)

பதில்: எலிகள் நடமாடும் விடியலும் அந்தியும்தான் பூனைக்குச் சுறுசுறுப்பான வேளை. அதோடு, எழுந்தவர் தூக்கக் கலக்கத்தில் சமையலறைக்குப் போய் ஒரு கை தீனி போட்டிருப்பார். அன்றோடு பழக்கம் வேர்விட்டுவிட்டது. இரவு படுக்கப் போகுமுன் நன்றாகத் துரத்தி விளையாடவிட்டு, பிறகு அன்றைய பெரிய சாப்பாட்டைப் போட வேண்டும்: வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம், தூக்கம் என்பதே அதன் வரிசை. விடியற்காலை எழுப்பலுக்குப் பேச்சு, திட்டு, தள்ளுதல், தீனி எதுவுமே கூடாது. தொடங்கிய முதல் சில நாள்களில் கத்தல் முன்பைவிடக் கூடும். அந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து ஒருநாள் எழுந்து தீனி போட்டால், இன்னும் உரக்கக் கத்தினால் கிடைக்கும் என்று கற்பித்ததாகிவிடும். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நேரம் வைத்துத் தானாகத் திறக்கும் தீனிப்பெட்டி வாங்க முடிந்தால், பூனை ஆளை விட்டுவிட்டுப் பெட்டியின் முன் உட்காரும்.

கேள்வி: மடியில் வந்து தானாகவே படுக்கும் பூனை, தடவிக்கொண்டிருக்கும்போதே திரும்பிக் கடிக்கிறது. கடி பட்டால் ஊசி போட வேண்டுமா? (மதுரை)

பதில்: மடியில் படுக்க வந்ததே தவிர, தடவச் சொல்லி வந்ததாக அர்த்தமில்லை. கடிக்கு முன் வால் நுனி அசையும், பிறகு முழு வாலும் அடிக்கும். முதுகுத் தோல் அலை அலையாகச் சிலிர்க்கும். காது பக்கவாட்டில் திரும்பும். உறுமல்போல் கேட்ட சுகச் சத்தம் சட்டென்று நிற்கும். இத்தனை எச்சரிக்கையும் கவனிக்கப்படாமல் போன பிறகே பல் வருகிறது. கன்னம், தாடை, காதுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதி ஆகியவை பெரும்பாலான பூனைகளுக்கு இதமானவை. வாலடியும் வயிறும் ஆகாதவை. மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம், அழைப்பு அல்ல. நாலு முறை தடவிவிட்டுக் கையை எடுத்துப் பார்க்க வேண்டும்; வேண்டுமென்றால் பூனையே தலையால் முட்டும். வெறித்துப் பார்க்காமல் கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் பூனையும் அப்படியே செய்து நெருங்கி வருவதை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வர்கள் 2020-இல் பதிவு செய்தார்கள். வழக்கமாகத் தடவவிடும் பூனை குறிப்பிட்ட இடத்தில் தொட்டால் மட்டும் கடித்தால் அங்கே வலி இருக்கக்கூடும்.

ஊசி விஷயத்தில் தயக்கமே கூடாது. வெறிநோய் பூனை வழியாகவும் பரவும். பல் பதிந்தாலும் ரத்தம் வரக் கீறினாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் காயத்தில் வைக்கக் கூடாது. பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ்பிடிப்பதும் சகஜம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கும் 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் குறிக்கும் நாளில் தவறாமல் மறு ஊசி.

கேள்வி: 5 வயதுப் பூனை இருக்கும் வீட்டுக்குப் புதிதாக ஒரு குட்டி வந்தது. பழையது சீறிக்கொண்டே இருக்கிறது, சாப்பாட்டையும் விட்டுவிட்டது. (புதுச்சேரி)

பதில்: முதல் நாளே இரண்டையும் கூடத்தில் விட்டு "அடித்துக்கொண்டு சமாதானமாகட்டும்" என்று பார்த்துக்கொண்டிருந்ததன் விளைவு இது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குட்டிக்குத் தனி அறை, தனிப் பெட்டி, தனித் தட்டு. பூனைகள் முதலில் மூக்கால் அறிமுகமாகின்றன. ஒரு துணியால் குட்டியின் கன்னத்தைத் துடைத்துப் பழையது படுக்கும் இடத்தருகே போட வேண்டும். அதன் துணி குட்டிக்கு. அந்தத் துணியை மோந்துவிட்டுப் பழையது சீறாமல் கடந்து போகும் நாள் வந்தால், மூடிய கதவின் இரு பக்கமும் தட்டுகளைத் தள்ளி வைத்துச் சாப்பாடு. நாளுக்கு நாள் கதவை நெருங்கி. அதன் பிறகு ஒரு விரற்கடைத் திறப்பு, அல்லது கொசுவலை அடித்த கதவு வழியே பார்வை. கடைசியாகத்தான் ஒரே அறை, அதுவும் சில நிமிடங்கள், கண்பார்வையில். ஒரு வாரத்தில் முடியும் வீடும் உண்டு, 2 மாதம் இழுக்கும் வீடும் உண்டு. ஒரு நாள் சண்டை வந்தால் ஒரு படி பின்வாங்க வேண்டும்.

உறவாகிவிட்ட பிறகும் தட்டு, தண்ணீர், பெட்டி, உயரமான படுக்கை எல்லாம் இரண்டுக்கும் தனித்தனியாக வேண்டும். ஒரு பூனை வழிமறித்துப் படுத்துக்கொண்டு மற்றதைப் பெட்டிக்குப் போகவிடாமல் செய்வது சத்தமில்லாமல் நடக்கும் கொடுமை. வீட்டார் கண்ணில் படவே படாது. பழையது 2 நாளுக்கு மேல் ஒன்றும் தின்னாமல் இருந்தால் ஈரலில் கொழுப்புச் சேர்ந்து ஆபத்தாகும். அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: நூல், ரப்பர் பேண்டு, பூச்சரம் எல்லாவற்றையும் மென்று விழுங்குகிறது. (சேலம்)

பதில்: நூல்தான் பயங்கரம். பூனை நாக்கின் முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால் உள்ளே போன நூலைத் துப்ப முடியாது. ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலில் இறங்கிக் குடலைச் சுருக்குப்பை வாயைப்போல் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, அப்படியே மருத்துவமனைக்கு. பூக் கட்டும் நாரும் நூலும் தையல் ஊசியும் மூடியுள்ள டப்பாவுக்குள் போக வேண்டும். தின்னத் தகாததைத் தின்பது தாயைச் சீக்கிரம் பிரிந்த குட்டிகளிடமும் சயாமியப் பூனைகளிடமும் அதிகம். குடற்புழு, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லுவதற்குத் தொட்டியில் கோதுமைப் புல் முளைக்க வைக்கலாம்.

கேள்வி: தீபாவளி என்றால் பீரோவுக்கு அடியில் புகுந்து 2 நாள் வெளியே வராது. இழுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா? (திருநெல்வேலி)

பதில்: இழுக்கக் கூடாது. ஒளிவதே அதன் மருந்து. நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு மட்டும் அட்டைப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாள்களிலேயே தெளிந்தன. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே உள்ளறையில் ஒரு அட்டைப்பெட்டி, பழைய புடவை, தண்ணீர், லிட்டர் பெட்டி வைத்துப் பழக்கிவிட்டு, அன்று ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை ஓடவிட்டால் போதும். கதவும் மொட்டைமாடி வழியும் மூடியிருக்கிறதா என்பதை இரு முறை பார்க்க வேண்டும். வெடிச் சத்தத்தில் வெளியே ஓடிய பூனைக்கு வழி தெரியாமல் போகலாம்.

கேள்வி: 14 வயதுப் பூனை நள்ளிரவில் கூடத்தின் நடுவே நின்று ஓலமிடுகிறது. (வேலூர்)

பதில்: மூப்பில் புதிதாகத் தொடங்கும் எந்தக் குணத்தையும் வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. தைராய்டு மிகையாகச் சுரப்பது, ரத்த அழுத்தம், சிறுநீரகத் தேய்வு, மூட்டுவலி, காது மந்தம் ஆகியவை இப்படிக் கத்தவைக்கும். நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போகும் கிழப் பூனைக்குத் தைராய்டுச் சோதனை அவசியம். ரத்த அழுத்தம் ஏறினால் திடீரெனக் கண் தெரியாமல் போவதும் உண்டு. இவை எதுவும் இல்லை என்றால் மூளை மங்கும் முதுமை மறதி. மருத்துவர் தரும் மருந்தோடு, கூடத்தில் இரவு விளக்கு ஒன்று எரியட்டும். தட்டு, பெட்டி, படுக்கையின் இடத்தை மாற்றாமல் வைத்து, பெட்டியின் விளிம்பைக் கால் தூக்காமல் ஏறும் அளவுக்குத் தாழ்த்த வேண்டும். கட்டிலுக்கு ஏற ஒரு மணை. காய்ச்சல், வலி என்று மனித பாரசிட்டமால் கொடுப்பது எந்த வயதுப் பூனையையும் கொன்றுவிடும்; அரை மாத்திரையும் அதற்கு மரண அளவு.